சிறைவாயிலுக்கு அப்பால்

தண்டனைக் காலம் முடிந்தவன் விடுதலை பெறும் உரிமையுடையவன். இதில் இருவேறு கருத்திற்கு இடமில்லை. ஆயின், பாலியல் வன்கொடுமையை மீண்டும் செய்யக்கூடும் என அஞ்சத்தக்க ஒருவன் வெளிவந்தபின் அவனைக் கண்காணிப்பவர் யார்? 2012 தில்லிக் கொடுமையில் தொடர்புடைய சிறுவன் 2015 திசம்பரில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. அவனை மேலும் தடுத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றே உச்சநீதிமன்றமும் கூறிற்று.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு வியப்பிற்குரியது. கள்ளநாணயம் அடித்தவனோ திருடனோ இரண்டாம் முறை தண்டிக்கப்பெறின், விடுதலைக்குப்பின் ஐந்தாண்டு வரை தன் உறைவிடத்தை அறிவித்துவர நீதிமன்றம் ஆணையிடலாம். பெண்ணுக்குக் கொடுமை இழைத்தவனுக்கு அவ்விதி முதலில் பொருந்தவில்லை; 2005ஆம் ஆண்டுத் திருத்தமே அவனையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது! பொன்னுக்கு இட்ட காவலைப் பெண்ணுக்கு நெடுங்காலம் இடவில்லை. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. எனினும், மீண்டும் தண்டிக்கப்பெற்றவனுக்கே அவ்வாணை. அதுவும் முகவரியோடு நின்றுவிடுகிறது. 2018இல் தொடங்கப்பெற்ற பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டில் அன்றே நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அது காவல்துறையினர் பார்வைக்கு மட்டுமே உரியது. ஏடு எவனையும் பின்தொடராது.

எல்லாவற்றையும் காவல்துறையிடமே விட்டுவிடலாம் என்பாரும் உளர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் (நம் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர்) ஒரு குலத்தையே காவல்நிலையத்தில் கையொப்பமிட வைத்த நாடு இது. அதனை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920இல் மக்கள் குண்டடிபட்டு மாண்டனர். தொலைவில் ஏன் தேடவேண்டும்? நம் திருவண்ணாமலையிலேயே 2025 செப்டம்பர் இறுதியில், வெளிமாநில இளம்பெண்ணொருத்திக்குக் கொடுமை இழைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பெற்றுக் கைதாகிப் பணிநீக்கமும் செய்யப்பெற்றோர் இரு காவலரே.

ஆதலின் ஆணை நீதிமன்றத்தினின்றே வரவேண்டும். ஆத்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலம் 2003இல் இயற்றிய சட்டத்தில், மனநல மருத்துவர் அறிக்கையை ஆராய்ந்து, எங்கே தங்குவது, எவரை அணுகலாகாது, என்ன சிகிச்சை பெறுவது என ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே உயர்நீதிமன்றம் விதிக்கிறது. தண்டனை முடிந்தவனைச் சிறையிலேயே வைத்திருக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. அஃது எமக்கு உடன்பாடன்று. ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2010இல் அதனைக் கண்டித்தது.

பௌர்ணமிக் கிரிவலத்தில் வரும் அயலாரையே நாம் அஞ்சுகிறோம். ஆனால், இத்தகைய வழக்குகளில் பத்தில் ஒன்பதிற்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பெறுபவன் அறிமுகமானவனே, உறவினனாகவும் இருக்கலாம். மாவட்டந்தோறும் நன்னடத்தை அலுவலர் இருக்கின்றனர். விடுதலையாகிறவன் எவ்வீட்டிற்குத் திரும்புகிறான், அங்கே குழந்தைகள் உளரா, அவனால் முன்பு துன்புற்றவள் அத்தெருவிலேயே வாழ்கிறாளா என்பவற்றை அறிந்து, அவன் வெளிவருமுன்னரே நீதிபதியிடம் அறிக்கை அளிக்கும் கடமையை அவர்களுக்குச் சட்டம் வழங்கவேண்டும்.