கைக்கு எட்டும் தூரம்

பெருங்குடியில் பொழுது புலருமுன்னரே எழுந்து பால் வாங்கச் செல்லுகின்றவர்களுக்கு ஒரு காட்சி பழகிப் போயிருக்கும். இராஜீவ் காந்தி சாலையிலே, காலை ஐந்து மணிக்கெல்லாம், முன்னும் பின்னும் விளக்குகள் மினுங்க, தலைக்கவசம் அணிந்த இளைஞர்களும் நடுவயதினரும் மெல்லிய சக்கரங்கள் பூட்டிய சைக்கிள்களில் தெற்கு நோக்கி விரைவார்கள். துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் கடந்து, அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முட்டுக்காட்டுப் பாலம் வரையில் சென்று மீளுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மாமல்லபுரம்; போக மட்டும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்.

அப்படிச் செல்லுகின்றவர்களுள் ஒருவன் எங்கள் தெருப் பையன். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. பழைய சைக்கிள் ஒன்றை இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தான். ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார் கொண்ட, பந்தயக்காரர் ஓட்டும் வகை. மூன்று மாதம் ஆவதற்குள் அவன் தாயார் என்னிடம் வந்து, “அண்ணா, இதை விற்றுவிடச் சொல்லுங்கள். முப்பது கிலோமீட்டர் போய் வந்தால் சோற்றைப் பிசையக்கூட இவனுக்குக் கை வரவில்லை” என்றார். பையனோ, “மாமா, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன; கழுத்தும் பிடித்துக் கொள்ளுகின்றது. எனக்குச் சைக்கிள் ஒத்துக் கொள்ளவில்லை போலும்” என்றான்.

சைக்கிள் அவனுக்கு ஒத்துக் கொள்ளவில்லை என்பது மெய்தான். ஆனால் ஒத்துக் கொள்ளாதது முழுச் சைக்கிளுமன்று, அதிலே ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஓர் உறுப்பு. ஹேண்டில் பாரையும் முன் போர்க்கையும் இணைக்கின்ற குட்டையான தண்டு. கடைக்காரர்கள் அதனை ‘ஸ்டெம்’ என்பார்கள்.

நம் தலைமுறையினருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை அனுப்பத் தொடங்கிய காலத்திலும், அதன் பின்னர் நெடுநாளும், கம்பிப் பிரேக் வைத்த கறுப்பு வண்டிகளில் ஹேண்டில் பாரும் தண்டும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருந்தன. உயர்த்தலாம், தாழ்த்தலாம், முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்த இயலாது. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்த வண்டியில், இருக்கைக்குக் கால் எட்டாமல், சட்டத்தின் நடுவே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் நாம். வண்டிக்கு உடம்பைப் பொருத்தினோமேயன்றி, உடம்புக்கு வண்டியைப் பொருத்தலாம் என்ற எண்ணமே நமக்கு எழுந்ததில்லை. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டியதால் அதில் குற்றமும் இல்லை. இரண்டு மணி நேரம் முன்குனிந்து ஓட்டுகின்ற வண்டியின் கதை வேறு. அதில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலோ குறைவோ உடம்புக்குத் தெரியும்.

முதலில் அவனைச் சைக்கிளில் ஏற்றி, சுவரைப் பிடித்தபடி உட்காரச் சொன்னேன். முழங்கை இரண்டும் விறைத்து நீண்டிருந்தன. தோள் காதருகே ஏறியிருந்தது. இருக்கையின் மூக்கு வேறு கீழ்நோக்கிச் சாய்ந்து, உடம்பின் பாரம் முழுவதையும் உள்ளங்கைகளின்மேல் தள்ளிக் கொண்டிருந்தது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு மணிக்கணக்கில் நசுங்கினால், அவன் சொன்ன அந்த இரண்டு விரல்களே மரத்துப் போகும். இதனை அலட்சியம் செய்து மாதக்கணக்கில் ஓட்டினால் கைப்பிடியின் வலுவும் குறையலாம். வண்டியை நிறுத்திய பின்னும் மரப்பு நீடித்தால் ஸ்டெம்மைப் பார்ப்பதை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஸ்டெம் தேர்ந்தெடுக்கப் புறப்படுகின்றவர் முதலில் ஸ்டெம்மைத் தொடவே கூடாது. இருக்கையின் உயரம், அது முன்னும் பின்னும் நிற்கும் இடம், அதன் மட்டம் ஆகிய மூன்றையும் கால்களுக்கு ஏற்றபடி அமைத்துக் கொள்ள வேண்டும். ஹேண்டில் பார் தொலைவாக இருக்கின்றதென்று இருக்கையை முன்னே தள்ளுகின்றவர்கள் கையின் நோயை முழங்காலுக்கு மாற்றிக் கொள்ளுகின்றார்கள். இருக்கை நிலைபெற்ற பின்னரே கைகளின் முறை.

கைகள் எட்டும் தூரம் சரியா என்பதை அறியப் பழைய சைக்கிள்காரர்கள் ஒரு குறிப்புச் சொல்லுவார்கள்: பிரேக் பிடியின்மேல் கைவைத்து ஓட்டுகையில், குனிந்து பார்த்தால் முன் சக்கரத்தின் அச்சை ஹேண்டில் பார் மறைக்க வேண்டும் என்று. இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வண்டியின் அமைப்புக்கு அமைப்பு அது மாறும். இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. பின்சக்கரத்தைத் தாங்கியில் நிறுத்தி, அமைதியாக மிதித்துக் கொண்டே, பிடியிலிருந்து கைகளைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். உடம்பு முன்னே சரிந்தால் எட்டும் தூரம் அதிகம் அல்லது பிடி மிகவும் தாழ்வு. சரியாமல், முழங்கை சிறிதே மடங்கி, தோள் தளர்ந்து நின்றால் அளவு ஏறக்குறையச் சரி. இதைச் சாலையில் செய்து பார்க்க வேண்டாம்.

இனி, ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்ப்போம். நம் பையனுடையதில் ‘120’ என்றும் ‘6’ என்றும் இருந்தன. முன்னது நீளம், மில்லிமீட்டரில்; பின்னது கோணம், பாகையில். பந்தய வகைச் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 வரையில், பத்துப் பத்தாகக் கூடும் நீளங்களில் ஸ்டெம் கிடைக்கின்றது. கோணத்தில் ஒரு நன்மை என்னவெனில், பெரும்பாலான ஸ்டெம்களைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டலாம். போர்க்கின் கழுத்து செங்குத்தாக நிற்காமல் 73 பாகை அளவில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாகக் கொள்ளுவோம். நூறு மில்லிமீட்டர் ஸ்டெம்மை ஆறு பாகை கீழ்நோக்கி வைத்திருந்து, அதையே மேல்நோக்கித் திருப்பினால், பிடி ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் உயரும். 6 மில்லிமீட்டர் அருகில் வரும். காசு செலவில்லை. கழுத்துக் குழாயில் ஸ்டெம்முக்கு மேலும் கீழும் அடுக்கியிருக்கும் வளையங்களை மாற்றி வைப்பதற்கும் செலவில்லை. பத்து மில்லிமீட்டர் வளையத்தைக் கீழே கொண்டு வந்தால் பிடி ஏறத்தாழ அவ்வளவே உயர்ந்து, கூடவே மூன்று மில்லிமீட்டர் பின்னுக்கும் வரும்.

பையனுடைய வண்டியில் மொத்தம் 15 மில்லிமீட்டர் வளையங்கள், எல்லாம் ஸ்டெம்மின் மேலே! ஏன் இப்படி என்று கேட்டேன். “படங்களில் பந்தய வீரர்கள் இப்படித்தான் வைத்திருக்கின்றார்கள்; பார்க்க அழகாக இருக்கின்றது” என்றான். இதுதான் நோயின் வேர். பந்தய வீரன் ஒரு நாளில் பல மணி நேரம் பயிற்சி செய்து உடம்பை வில்லாக வளைத்துப் பழக்கியவன். அவனுக்கு முன்னால் சாலையை அடைத்துக் காவல் நிற்கின்றார்கள். நமக்கு எதிரே மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, தெருநாய், மெட்ரோ இரயில் பணிக்காக வைத்த தடுப்பு என்று எத்தனையோ. தலையை நிமிர்த்தவும், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வருவதைப் பார்க்கவும் இயலாதபடி தாழ்ந்து கிடக்கின்ற பிடி, நம் சாலையில் அழகுமன்று, பாதுகாப்புமன்று.

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று எதிர்க்க, மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பி வருகின்றவர் தாழ்ந்து குனியத்தான் வேண்டும் என்பார். உண்மைதான். அதற்காகவே வளைந்த பாரின் கீழ்ப்பிடி இருக்கின்றது. முழங்கையை மடக்கியும் குனியலாம். காற்றுக்குச் சில நிமிடம் குனிவது வேறு, குனிந்த நிலையிலேயே வண்டியைக் கட்டி வைப்பது வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில், மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். நிறத்தின் பெயரால் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கிடையே 1899-இல் மான்ட்ரியல் நகரில் உலகச் சாம்பியன் ஆனவர். ஹேண்டில் பாரை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தத்தக்க ஒருவகை ஸ்டெம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அந்நாளைய ஓட்டக்காரர்களுக்கே தம் கைக்கு எட்டும் தூரத்தைத் தாமே அளந்து வைத்துக் கொள்ளும் விவேகம் இருந்திருக்கின்றது.

நம் பையன் விஷயத்திற்கு வருவோம். இருக்கையை மட்டப்படுத்தி, வளையங்கள் அனைத்தையும் கீழே வைத்து ஒரு வாரம் ஓட்டச் சொன்னேன். கழுத்து வலி பாதியானது. விரல் மரப்பு குறைந்ததேயன்றி நிற்கவில்லை. பின்னர் 100 மில்லிமீட்டர் ஸ்டெம் ஒன்றைக் கடையில் வாங்கினான். எல்லாம் சேர்ந்து பிடி முன்னைவிட இரண்டரை சென்டிமீட்டர் அருகிலும், ஒரு சென்டிமீட்டர் உயரத்திலும் வந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் எது உதவிற்று என்பதே தெரிந்திராது.

வாங்கும்போது பார் பிடிக்கும் இடத்தின் விட்டத்தை அளந்து செல்லச் சொல்லியிருந்தேன். இக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் 31.8 மில்லிமீட்டர். பழைய வண்டிகளில் 25.4-உம் உண்டு, 26.0-உம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; 26-க்குரிய ஸ்டெம்மில் 25.4 பாரை இறுக்கினால் இறுகினாற்போல் இருந்து, பள்ளத்தில் விழுகையில் கைக்குள்ளேயே சுழன்றுவிடும். வெர்னியர் அளவுகோல் இல்லாத கடையில் இதைச் செய்யாதீர்கள். பெயரில்லாத ‘கார்பன்’ ஸ்டெம் எடை குறைவு என்று வலையில் மலிவாக விற்பதையும் நாட வேண்டாம். நாற்பது கிராம் எடையைக் குறைக்க, வண்டியில் முறியவே கூடாத உறுப்பைச் சந்தேகத்திற்கு இடமாக்குவது என்ன புத்தியோ!

இவ்வளவும் ஒழுங்காக நடந்தபின்தான் எங்கள் இருவருக்கும் வயிற்றைக் கலக்கிய அந்தச் சம்பவம். ஸ்டெம்மைத் தானே பூட்டிக் கொள்ளுவதாகப் பையன் சொன்னான், நானும் பேசாமலிருந்துவிட்டேன். மறுநாள் காலையில் வீட்டு வாயிலில் ஏறி, தெருமுனையில் திரும்பப் போனான். ஹேண்டில் பார் திரும்பிற்று. சக்கரம் நேராகவே சென்றது. எதிரே குப்பைத் தொட்டி இருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அதே காரியம் முட்டுக்காட்டுப் பாலத்தில் லாரிக்கு முன்னால் நேர்ந்திருந்தால்?

செய்த பிழை மிகச் சிறியது. ஸ்டெம்மின் உச்சியில் ஒரு மூடியும் அதன் நடுவே ஒரு போல்ட்டும் இருக்கும். அதுதான் ஸ்டெம்மைப் பிடித்து நிற்கின்றதென்று எண்ணி, அதை முழு பலத்தோடு முறுக்கிவிட்டு, பக்கவாட்டிலுள்ள இரண்டு போல்ட்டுகளை விரலளவில் விட்டுவிட்டான். உச்சிப் போல்ட்டின் வேலை கழுத்திலுள்ள பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. அதை இலேசாக முறுக்கி, ஆட்டம் போனதும் நிறுத்தி, பாரைச் சக்கரத்திற்கு நேராக்கி, பின்னர் பக்கவாட்டுப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பாரைப் பிடிக்கும் முன்தகட்டிலும் மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதை ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருப்பார்கள்; பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் சாவியின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற விசை அது. கழுத்துக் குழாய் கார்பனாயின், கூடுதல் முறுக்கு அதை நசுக்கிவிடும். முடிந்ததும் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, பாரைத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது.

வீட்டில் பழைய வகை வண்டி இருந்தால், அதாவது தண்டு குழாய்க்குள் செருகி நிற்கும் வகையாயின், தண்டின்மேல் ஒரு கோடு பொறித்திருக்கும். உயரம் போதவில்லையென்று அந்தக் கோடு வெளியே தெரியும்படி இழுத்து வைத்தல் ஆபத்து. அப்புறம், நம் கடற்காற்றிலும் வியர்வையிலும் அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் இறுகிப் பிடித்துக் கொள்ளும். ஆண்டுக்கொருமுறை கழற்றி கிரீஸ் தடவாவிட்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கழுத்துப் பகுதி முறிந்தால் என்னாகும் என்பதை 2006-இல் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. கருங்கல் பாவிய பாதைகளுக்குப் பெயர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தில், முன்னணியில் சென்ற அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பியின் கழுத்துக் குழாய் முறிந்து, ஹேண்டில் பார் கையோடு வந்துவிட்டது. சில விநாடி தடுமாறி, சாலையோரம் விழுந்து, தோளில் காயமடைந்தார். தேர்ந்த மெக்கானிக்குகள் பராமரித்த வண்டி அது. ஒருமுறை கீழே விழுந்த வண்டியின் ஸ்டெம்மைக் கழற்றி, உள்ளே கீறல் உண்டா என்று பார்க்காமல் மறுபடி ஏறாதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வளரும் பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிய சைக்கிளை வாங்கிவிட்டு, குட்டை ஸ்டெம் போட்டுச் சரிக்கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் இணங்க வேண்டாம். எட்டும் தூரத்தை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் திருத்தலாம். பெரிய சட்டத்தை ஸ்டெம் சிறிதாக்காது. இயல்பாக எட்டுவதற்கு எழுபது மில்லிமீட்டருக்கும் குறைந்த ஸ்டெம் தேவைப்படுகின்றதென்றால், பெரும்பாலும் அந்தச் சைக்கிளின் அளவே அவனுக்கு உரியதன்று.

எங்கள் தெருப் பையன் சென்ற மாதம் மாமல்லபுரம் போய் வந்தான். பகல் சாப்பாட்டை அவன் தாயார் பரிமாற, தானே பிசைந்து சாப்பிட்டான் என்று கேள்வி. கழற்றிய 120 மில்லிமீட்டர் ஸ்டெம் என் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றது. கை நீண்ட யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கின்றேன்.