பொறுமைக்குப் புகழ்மாலை

பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த 2022ஆம் ஆண்டிலே ஒரு வாக்கியம் பலர் வாயிலும் அடிபட்டது. "வடபகுதிச் சனங்கள் தட்டுப்பாட்டுக்குப் பழகியவர்கள், அவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்" என்பதே அது. கொழும்பிலே எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்கள் வியப்போடு அதனைக் கூறினர். நம்மவரோ பெருமையோடு கூறினர். விறகடுப்பு மூட்டவும், சைக்கிள் மிதிக்கவும், குப்பி விளக்கிற் படிக்கவும் எமக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்தினர். வரிசைகள் மறைந்துவிட்டன; வாக்கியம் மறையவில்லை. பரிசளிப்பு விழா மேடையிலும் நூல் வெளியீட்டு உரையிலும் அதனை இன்றும் கேட்கின்றோம். பாராட்டுப்போல் ஒலிக்கும் இவ்வாக்கியம் உண்மையிலே ஓர் அநீதிக்கு விரிக்கப்படும் திரை என்பதே என் வாதம்.

முதலில், மறுக்கமுடியாதவற்றை ஒப்புக்கொள்வோம். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. மண்ணெண்ணெய், பெற்றோல், உரம், பற்றரி, சவர்க்காரம் எனப் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன, அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. மக்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினர். பொருளாதாரத் தடை 2002இல் நீக்கப்படும்வரை வாழ்க்கை பெரும்பாலும் இவ்வாறே நடந்தது. அந்த வெளிச்சத்திலே படித்தவர்கள் வைத்தியரும் பொறியியலாளரும் ஆயினர். இவையெல்லாம் உண்மை.

ஆனால், ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. அம்மக்கள் எதைக்கொண்டு தாங்கினர்? மனவுறுதியைக்கொண்டு மட்டும் எவரும் பத்தாண்டு உண்டு உடுத்தியதில்லை. காணி இருந்தவன் காணியை ஈடுவைத்தான். நகை இருந்தவள் நகையை விற்றாள். பசுவும் கன்றும், வீட்டுக் கூரைத் தீராந்தியும், வெளிநாடு சென்ற மகன் அனுப்பிய காசுமே அந்தத் 'தாங்கும் சக்தி' யின் உள்ளீடு. தாங்குவது ஒரு குணமன்று, ஒரு செலவு. செலவழித்த பொருளை மறுமுறையும் செலவழிக்கமுடியாது. முதற் பஞ்சத்தைத் தாங்கியவன் இரண்டாம் பஞ்சத்துக்கு அநுபவம் மிக்கவனாய் வருவதில்லை, வெறுங்கையனாய் வருகிறான்.

வலிகாமம் வடக்குக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். மயிலிட்டி ஒருகாலத்திலே வடபகுதியின் பெயர்பெற்ற மீன்பிடித் துறை. 1990 யூனில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. துறைமுகமும் அதனையொட்டிய நிலத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். 27 ஆண்டுகள்! கடலைப் பார்த்தே வளர்ந்த சனங்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கலியாணமும் செய்து வைத்தனர். கடலுக்குப் போகமுடிந்த மற்றைக் கரையோரங்களிலும் இரவுத் தொழிலுக்குத் தடை, தூரத்துக்குத் தடை, எஞ்சின் வலுவுக்குத் தடை எனக் கடல்வலயத் தடைகள் தொடர்ந்தன. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. அதன்பின் இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்தன. 2017இல் இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் வந்தது. சட்டத்தால் அறுந்த வலை பொருந்திவிடவில்லை.

இத்தகைய கரையோரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். நெருக்கடிக்குப் பிந்திய ஒரு தவணையிலே, உயர்வகுப்பு மாணவருக்கு 'இன்னல்களைத் துணிவுடன் தாங்கிய எம் முன்னோர்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பலரும் எதிர்பார்த்தவாறே எழுதினர். ஒரு மாணவி மட்டும் முக்காற் பக்கத்தோடு நிறுத்தியிருந்தாள். 1990இல் ஊரைவிட்டு வந்தபோது அம்மம்மாவின் காப்புகளை விற்று அரிசி வாங்கினார்கள், 1995இல் மீண்டும் இடம்பெயர்ந்தபோது தாலிக்கொடி போயிற்று, ஊர் திரும்பியபின் அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து அப்பா எஞ்சின் வாங்கினார், சங்கிலி மீளவில்லை, 2022இல் வீட்டில் நகை இல்லை, எஞ்சினை விற்றார்கள், அப்பா இப்போது பிறருடைய படகிற் கூலிக்குப் போகிறார். இவ்வளவே அவள் எழுதியது. நான் வழக்கம்போலச் சிவப்பு மையால் 'இன்னும் விரித்து எழுதுக' என்று ஓரத்திற் குறித்தேன். குறித்தபின்பே வெட்கம் வந்தது. மூன்று தலைமுறையின் வரவுசெலவை அப்பிள்ளை கணக்குத் தவறாமல் எழுதியிருந்தாள். தலைப்புக் கொடுத்தவனே தவறியிருந்தான்.

அவள் தந்தை எஞ்சினை விற்றது ஏன்? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. கரையோரச் சிறுபடகுகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடுவன. ஒருநாட் தொழிலுக்கு 20 லீற்றர் வேண்டுமென வைத்துக்கொள்வோம். நேற்று 1,740 ரூபா. இன்று 6,800 ரூபா. வலை வெறுமையாய் வந்தாலும் அந்த 6,800 ரூபா போனது போனதே. மீனின் விலையும் ஏறிற்றே என்பர். மீனுக்கு விலை சொல்பவன் பிடித்தவன் அல்லன், முற்பணம் கொடுத்த வியாபாரி. வாங்குவோரின் நிலை என்ன? அடுத்த மாதம், செப்ரெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தைத் தொட்டது. அரிசிக்கே காசு போதாத வீட்டில் மீன் வாங்குவார் யார்? மண்ணெண்ணெய் விலை பின்னர் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 87 ரூபாவுக்கு அது திரும்பவில்லை. விற்ற எஞ்சினும் திரும்பவில்லை.

"திறைசேரியில் டொலர் இல்லை; மானிய விலைக்குக் கொடுக்க அரசு எங்கே போகும்?" என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி, விடையும் உண்டு. டொலர் தானாகத் தீர்ந்துபோகவில்லை. 2019 டிசம்பரிலே பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்து, செல்வருக்கும் நிறுவனங்களுக்கும் வேறு வரிச் சலுகைகளும் வழங்கி, அரசின் வருவாயைத் தாமே வெட்டிக்கொண்டனர் ஆட்சியாளர். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலை வீழ்த்தினர். 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்தனர். அன்றைய ஆட்சியின் தலைவர்களும் உயர் அதிகாரிகளும் இந்நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள் என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்புக் கூறிற்று. குற்றம் ஓரிடத்தில், தண்டனை வேறோரிடத்தில். 2024 சனவரியிலிருந்து அதே வரி 18 வீதமாயிற்று. கொடுப்பவன் யார்? கடையிற் சவர்க்காரம் வாங்குபவன். துன்பம் எல்லாருக்கும் பொது என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

நகை தீர்ந்த வீடு அடுத்து எங்கே போகும்? கடனுக்கு. போருக்குப்பின் நிதி நிறுவனங்கள் வடக்குக் கிழக்கின் கிராமங்களுக்குள் நுழைந்து, பெண்களைக் குழுக்களாக்கி நுண்கடன் கொடுத்தன. வாரந்தோறும் வசூலிப்பவன் படலையில் நின்றான். ஒரு கடனை அடைக்க மறு கடன். நிலைமை எவ்வளவு மோசமாயிற்றெனில், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை, சில நிபந்தனைகளோடு, அரசு தள்ளுபடி செய்யவேண்டியதாயிற்று. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. முப்பத்தைந்து வீதம் கருணையெனப்பட்டால், அதற்கு முன் இருந்தது என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் நோக்கி ஒரு வார்த்தை. பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றி நாம் எழுதுவதிற் பெரும்பகுதி நினைவேக்கமாய் முடிகிறது. ஜாம் போத்தல் விளக்கு வருகிறது. அதன் கீழே பிள்ளை படிக்கிறது. ஈற்றிலே வெளிநாட்டில் வைத்தியராகிறது. அதே விளக்கடியிலே படிப்பை விட்டுவிட்டுச் சம்மாட்டியின் வாடிக்குப் போன பிள்ளை எந்தக் கதையில் வருகிறது? வென்றவனின் நினைவுகளை ஊரின் வரலாறு என்று எழுதிவிட்டால், தோற்றவன் முயற்சி போதாதவன் ஆகிவிடுகிறான். "எங்கள் காலத்தில் இதைவிடக் கஷ்டம், நாங்கள் படிக்கவில்லையா?" என்று காலைப் பசியோடு வகுப்பிலிருக்கும் பிள்ளையை நாம் கேட்கும்போது, அரசு சொல்லவேண்டிய பதிலை அரசுக்காக நாமே சொல்லிவிடுகின்றோம்.

இப்பழக்கப் புகழ் வடபகுதியை மற்றோரிடமிருந்து பிரித்தும் வைக்கிறது; தமிழருக்கே உரிய தனிக்குணம்போல அதனைக் காட்டுகிறது. ஆனால் 2012 பெப்ருவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த சிலாபத்துக் கடற்றொழிலாளருள் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். 2021 மார்ச்சிலே பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிற் சிங்களப் பெண்கள் நுண்கடனை இரத்துச் செய்யக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். நம் மாணவியின் தாய்க்கும் அப்பெண்களுக்கும் மொழி வேறு. படலையில் நிற்பவன் ஒருவனே. 1953இலே ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, 'பழகிக்கொள்ளுங்கள்' என்று எவரும் சொல்லி மக்கள் கேட்கவில்லை. ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது. இரு மாதங்களுள் பிரதமர் பதவி துறந்தார்.

எனவே பொறுமைக்கு மாலை சூட்டுவதை நிறுத்துவோம். சிறுபடகுக்கு எரிபொருள் மானியம், வட்டிக் கொள்ளைக்கு மாற்றாகக் கூட்டுறவுச் சங்கக் கடன், இன்னும் விடுபடாத நிலங்களின் விடுவிப்பு ஆகியவற்றைக் கேட்போம். சிலாபத்தாரோடும் ஹிங்குராக்கொடையாரோடும் சேர்ந்து கேட்போம். ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அம்மாணவியின் தாளில் நான் எழுதிய குறிப்பை வெட்டிவிட்டேன். அடுத்த தவணைக்குத் தலைப்பையும் மாற்றிவிட்டேன். 'எம் வீட்டில் விற்கப்பட்டவை' என்பதே புதிய தலைப்பு. ஒவ்வொரு பாடசாலையிலும் அக்கட்டுரை எழுதப்படட்டும். 'பழகியவர்கள்' என்று மேடையிற் பேசுவோருக்கு அத்தாள்களைக் கட்டாய்க் கட்டி அனுப்பிவைப்போம்.