இறைச்சியை விட்டோம், சாதியை விட்டோமா?



சாம்பற்புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள். அவற்றுள் வரும் 6 ஞாயிறுகளும் ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாட்களாதலால், அவற்றை நீக்கி லெந்து காலத்தை 40 நாட்கள் என்கிறோம். இந்நாட்களில் நம்மில் பலருடைய வீடுகளில் இறைச்சி சமைப்பதில்லை. பெண்கள் பலர் பூச்சூடுவதில்லை. பொதுவாக ஆலயத்தில் திருமணமும் நடத்துவதில்லை. இவற்றில் எதையும் நான் இகழவில்லை. ஒடுக்கமும் உபவாசமும் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நல்ல பழக்கங்களே.

ஆனால் திருமணம் நடவாத இந்த 40 நாட்களில் திருமணப் பேச்சு நின்றுவிடுகிறதா? ஈஸ்டர் கழிந்ததும் நாள் குறிக்கவேண்டும் என்று, இப்போதுதான் நம் கைப்பேசிகளில் வரன் குறிப்புகள் மும்முரமாகச் சுற்றி வருகின்றன. பெயர், படிப்பு, வேலை, சம்பளம். பின்பு, இரட்சிக்கப்பட்டவர், ஜெபிக்கிறவர் என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியிலேயே சாதி. சில குறிப்புகளில் உட்பிரிவும் உண்டு. மாலையில் லெந்து தியானக் கூட்டம். இரவில் சாதி பார்த்துச் சம்பந்தம். இதுவா உபவாசம்?

இந்த நோய் புதியதன்று. 1833ஆம் ஆண்டு, அந்நாளில் கல்கத்தாவின் பேராயராயிருந்த டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையைத் தாமதமின்றி அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதற்கு இணங்காமல் சபையை விட்டே விலகிப் போனார்கள். திருவிருந்தை விடத் துணிந்தவர்களுக்குச் சாதியை விட மனம் வரவில்லை.

அவர்களை நியாயந்தீர்க்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் இன்று நாம் ஒரே வரிசையில் முழங்காற்படியிட்டு ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் செங்கல்பட்டின் கிராமங்களிலிருந்தும் வந்து ஒரே சபையானோம். ஆயினும் பந்தியில் விட்டதைச் சம்பந்தத்தில் இறுகப் பிடித்துக்கொண்டோம். ஆலயத்தில் இருந்த சுவரை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே வீட்டிற்குள் சுவர் எழுப்பினோம்.

“பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டாமா, ஐயா?” என்பார் சிலர். வேண்டும். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்றால், பார்த்திராத நாட்டின் பழக்கத்துக்கும் மகளை ஒப்புக்கொடுக்கிறோமே! கடல் கடந்த பழக்கம் ஒத்துப்போகும். ஆலயத்தில் அடுத்த பெஞ்சில் இருக்கிறவரின் பழக்கம் மட்டும் ஒத்துப்போகாதா? “உறவினர் என்ன சொல்வார்கள்?” என்பார் வேறு சிலர். அதுவே உண்மையான காரணம். சிலுவையைச் சுமப்பது என்றால், நம்முடைய சொந்தக்காரர் முன்பாக அவமானப்படவும் ஆயத்தமாயிருப்பது அல்லவா?

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை இந்த வாரம் குடும்பமாக வாசியுங்கள். உபவாசித்துக்கொண்டே பிறரை ஒடுக்கிய மக்களைக் கர்த்தர் அங்கே கடிந்துகொள்கிறார். தலையை வணக்குவதும் சாம்பலில் உட்காருவதும் அவருக்குப் போதவில்லை. மனிதர்மேல் கட்டிய நுகத்தை அவிழ்க்கச் சொல்லுகிறார். நம் நாட்டில் சாதியைவிடப் பழைமையான நுகம் எது?

ஆகவே இந்த லெந்து காலத்தில் இப்படிச் செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் வரன் குறிப்பிலிருந்து அந்த ஒரு வரியை அழித்துவிடுங்கள். தரகரோ உறவினரோ கேட்டால், “நாங்கள் அதைப் பார்ப்பதில்லை” என்று சொல்லுங்கள். இதுவரை உங்கள் வீட்டில் உணவருந்தியிராத ஒரு சபைக் குடும்பத்தை அழைத்து, அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் மகனோ மகளோ சாதிக்கு வெளியே ஒரு நல்ல துணையைக் குறித்துப் பேசினால், கோபப்படுமுன் ஜெபியுங்கள்.

இறைச்சியை 40 நாட்கள் விடுவது எளிது. ஈஸ்டர் அன்று மதியமே அது திரும்பி வந்துவிடும். சாதியை விட்டவன் அதை மறுபடியும் எடுத்துக்கொள்ளலாகாது. திரும்ப எடுக்கக்கூடாததை விடுவதே மனந்திரும்புதல். அதற்கான பெலனைக் கர்த்தர் தாமே நமக்குத் தருவாராக. ஆமென்.