உங்கள் வயலிலிருந்து ஒரு கைப்பிடி மண் வேண்டும்



வருகிற மே மாதம் இரண்டு வாரம் இளம் ஆய்வாளர்களுக்காக ஒரு கோடைப் பள்ளி நடத்துகிறோம். முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் பதிவு செய்தவர்களும், பட்டம் வாங்கி ஓரிரு வருடமே ஆனவர்களும் வருவார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் என்னென்ன சுரக்கின்றன, அதில் எது மருந்தாகும் என்று தேடுவதுதான் அவர்கள் கற்கப்போகும் வேலை. அதற்கு உங்கள் மண் வேண்டும்.

இருமலென்று போனால் கடையில் எடுத்துக் கொடுக்கும் அசித்ரோமைசின் மாத்திரையை அறியாத வீடு இன்று குறைவு. (டாக்டர் எழுதாமல் அதை வாங்கிச் சாப்பிடாதீர்கள், அது வேறு வேண்டுகோள்.) அதற்கு மூலம் எரித்ரோமைசின். 1949-இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் அனுப்பிய மண்ணில் இருந்த பாக்டீரியா அதைச் சுரந்தது. 1980-இல் சாக்ரெப் நகர வேதியியலாளர்கள் அதன் மூலக்கூறு வளையத்தில் ஒரு நைட்ரஜனைச் செருகி அசித்ரோமைசின் ஆக்கினார்கள். காசநோய்க்காரர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகவைக்கும் ரிஃபாம்பிசினும் இப்படித்தான். அதன் மூலம் பிரான்சின் தென்கரைப் பைன் காட்டு மண்.

இந்த வேலையில் பாதி பொறுமை. மண்ணை நீரில் கரைத்து, பலமுறை நீர்க்கச் செய்து, அகார் தட்டில் தடவி வைத்தால் மற்ற பாக்டீரியாக்கள் மறுநாளே முளைத்துவிடும். நாங்கள் தேடும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகை வர ஒரு வாரம்கூட ஆகும். சுண்ணாம்புத் தூள் பூத்தாற்போல் வறண்டிருக்கும். ஊசியால் நெம்பினாலும் எளிதில் பெயராது. மூடியைத் திறந்தால் முதல் மழையின் வாசனை. பக்கத்தில் வளரவிட்ட நோய்க்கிருமியை அது நெருங்கவிடாமல் தன்னைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் போட்டால் எங்களுக்குத் திருவிழாதான்.

ஆனால் பெரும்பாலும் அந்த வட்டத்தைப் போட்டது ஏற்கெனவே தெரிந்த மருந்தாகவே இருக்கும். மாதக்கணக்கில் உழைத்துப் பிரித்தெடுத்த பிறகு அது தெரியவந்தால் ஒரு மாணவரின் ஒரு வருடம் வீண். முதல் வாரத்திலேயே அதைக் கண்டுகொள்ள மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையைப் படிக்கத் தெரியவேண்டும்; மரபணுத் தொடரைப் படிக்கவும் தெரியவேண்டும். 2002-இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத் தொடர் வெளிவந்தபோது, இப்படிப்பட்ட பொருள்களைச் செய்யும் மரபணுத் தொகுதிகள் இருபதுக்கு மேல் அதில் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் அது செய்துகாட்டியதோ ஒரு சிலவற்றைத்தான். மற்றவற்றை எழுப்பும் வித்தையைப் பாடப்புத்தகம் பார்த்துக் கற்க முடியாது, பக்கத்தில் நின்று கற்கவேண்டும். குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் இதற்கென்றே ஒரு கோடைப் பள்ளி நடந்துவருகிறது. நம் அரசுக் கல்லூரி மாணவருக்கு அந்த விமானக் கட்டணம் எட்டாது. அதனால்தான் இங்கேயே நடத்துகிறோம்.

உங்கள் மண்ணை எடுத்துப்போய் யாரோ சம்பாதிப்பார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. எரித்ரோமைசினுக்கு மண் அனுப்பிய அகிலார் பின்னாளில் உரிமைத்தொகை கேட்டும் பலன் இல்லை. இன்று உயிர்வளத்தால் வரும் வருமானத்தில் பங்கு தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் சொல்கிறது. அதைக் கவனிக்கும் தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பையிலும் ஊர், சர்வே எண், கொடுத்தவர் பெயர் எழுதுவோம்; ஒரு நகல் உங்கள் ஊராட்சியின் பல்வகைமைக் குழுவிடம் இருக்கும். பெரிய வருமானம் வரும் என்று ஆசை காட்டமாட்டோம். ஆயிரம் மண்ணில் ஒன்றுகூட மருந்தாகாமல் போகலாம்.

உப்பளம், தேரிக்காடு, மலைத்தினை விளையும் கொல்லை, பல வருடம் உரம் காணாத தரிசு, எதுவானாலும் சரி. மேல் சருகை ஒதுக்கி அரைச் சாண் ஆழத்தில் ஒரு கைப்பிடி போதும். மாணவர்களே வந்து எடுப்பார்கள். புற்று மண்ணையோ கோயில் நிலத்தையோ தொடவேண்டாம் என்றால் சொல்லுங்கள், தொடமாட்டோம். அந்த இடத்தைப் பற்றித் தெரிந்த பெரியவர் யாராவது கூட நின்றால் நல்லது. எந்த வருடம் வெள்ளம் நின்றது, எப்போது பூச்சிமருந்து அடித்தது என்பதெல்லாம் எங்கள் கருவிகள் சொல்லாதவை.

வெளியூர் மாணவர்கள் இரண்டு வாரம் தங்க இடமும் தேவைப்படுகிறது. ஓர் அறை தர முடிந்தவர்களும், ஒருவருடைய பேருந்துச் செலவை ஏற்க முடிந்தவர்களும், மண் தர விரும்புகிறவர்களும் ஏப்ரல் பத்துக்குள் உங்கள் பகுதிக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோடைப் பள்ளி ஏற்பாட்டுக் குழுவினர்
(நுண்ணுயிரியல் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும்)