ஊதினால் வருவாரா மாரியோ?

தொண்ணூறுகளில் வில்லியனூர், பாகூர் பக்கம் கோடை விடுமுறையில் ஒரு வீட்டு வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடந்தால் அர்த்தம் இரண்டுதான். ஒன்று காதுகுத்து, இல்லாவிட்டால் டி.வி. கேம். காதுகுத்து என்றால் சாப்பாடு உண்டு. டி.வி. கேம் என்றால் அந்த வீட்டுப் பாட்டியின் வசவு மட்டும்.

அந்தப் பெட்டிக்கு ஊருக்கு ஒரு பெயர். உள்ளே ஒரே ஆத்மா: 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். மேலே ஒரு பள்ளம், அதில் செருக மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு தேறும். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயரில். (இதை அரசியல் கட்சிகளோடு ஒப்பிடச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். மாட்டேன்.)

கேசட்டைச் செருகுவோம். திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். உடனே கூட்டத்திலேயே பெரிய பையன் கேசட்டைப் பிடுங்கி, நாதஸ்வர வித்வான் மாதிரி கன்னம் உப்ப 'ஃபூ...' என்று ஊதுவான். மறுபடி செருகினால், மாரியோ பிரசன்னம்! பையனுக்கு மவுசு.

ஆச்சரியம் என்னவென்றால், ஒருவரையொருவர் பார்த்தே இராத அமெரிக்கப் பையன்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. தயாரித்த நிண்டெண்டோவோ, 'ஊதாதீர்கள்' என்றே சொல்லி வந்தது. யார் கேட்டார்கள்?

விஷயம் இதுதான். கேசட்டின் அடியில் 60 செம்புப் பட்டைகள். பள்ளத்துக்குள் அதே கணக்கில் ஸ்பிரிங் ஊசிகள். சூப்பர் மாரியோவில் ஆட்டத்தின் விதிகள் ஒரு சில்லில், படங்கள் இன்னொரு சில்லில். இரண்டும் சேர்ந்தே 40 கிலோபைட்தான். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பெரிசு! படத்துக்கான பட்டையில் அழுக்கு என்றால் பாட்டு கேட்கும், மாரியோ இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ எழுத்து ஓடும். விதிகளுக்கான பட்டையில் அழுக்கு என்றால் ஆட்டமே தொடங்காது.

ஊதியதும் சரியானது எப்படி? ஊதுவதற்காகக் கேசட்டை வெளியே எடுத்தோமே, திரும்பச் செருகினோமே, அதில்தான். உரசலில் அழுக்கு கொஞ்சம் விலகி, ஊசி புது இடத்தில் உட்கார்ந்தது. ஊதாமல் எடுத்துச் செருகியிருந்தாலும் பெரும்பாலும் வந்திருக்கும். பி.காம். பாஷையில் சொன்னால், வரவைத் தப்பான கணக்கில் எழுதிவிட்டோம். மூச்சோடு போன ஈரம் தன் பங்குக்குச் செம்பில் களிம்பு ஏற்றியதுதான் மிச்சம்.

அமெரிக்க மாடலின் கதை இன்னும் மோசம். கேசட்டை வி.சி.ஆர். மாதிரி உள்ளே தள்ளி அமுக்க வேண்டும். நாளாக ஆக 72 ஊசிகளும் தளர்ந்துபோய் திரை கண்ணடிக்கும். 1993-ல்தான் அங்கே மேலிருந்து செருகும் மாடல் வந்தது.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அந்த மழையில் பாகூர் நண்பர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பரணில் இருந்த டி.வி. கேம் பெட்டி நனையவில்லை; ஆனால் ஓதம் காத்துவிட்டது. கேசட்டின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெயர். அவருடைய தம்பியின் கையெழுத்து. இரண்டாம் ஆட்டக்காரன். தம்பி இப்போது இல்லை.

ரிப்பேர் கடையில் காட்டினார். "உப்புத்தாளால ரெண்டு இழுப்பு இழுத்தா பளபளன்னு ஆயிடும் சார்" என்றாராம் கடைக்காரர். நல்லவேளை, நண்பர் எனக்குப் போன் போட்டார். பட்டையின் மேல் தங்கமுலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். (மலிவு கேசட்டில் அதுவும் இருந்தால் பாக்கியம்.) உப்புத்தாள் களிம்போடு அதையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ஒரு மாதம் பளபளக்கும், அப்புறம் இரண்டு பங்கு களிம்பு. செம்புக்குடம் விளக்குகிற புளியும் இங்கே ஆகாது.

தேவைப்படுவது ஆல்கஹால். புதுச்சேரிக்காரரிடம் இதைச் சொன்னால் 'எந்த பிராண்டு?' என்பார். இது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல். தெருமுனையில் கிடைக்காத ஒரே சரக்கு! எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். குடித்தால் விஷம், பக்கத்தில் சிகரெட் பற்றவைத்தால் தீ. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள்; அதில் கிளிசரின் உண்டு, பிசுக்கு நிற்கும். நெயில்பாலிஷ் அழிக்கும் திரவம் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, பட்டை ஓடும் திசையிலேயே துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றுங்கள். அடுத்தது பள்ளம். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, சுத்தமான கேசட்டின் விளிம்பை லேசாக ஈரமாக்கி, மெதுவாக ஐந்தாறு தடவை செருகி எடுங்கள். ஒட்டி வரும் கறுப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும். துணியை மடித்துத் திணிக்காதீர்கள். ஸ்பிரிங் அகன்றால் மறுபடி நெருங்காது. நன்றாகக் காய்ந்தபிறகே கரண்ட்.

கேசட்டின் முதுகுப்பக்கம் ஒரு சொட்டு ஆல்கஹால் படக்கூடாது. பால்பாயிண்ட் மையும் கரைந்துவிடும். நண்பர் அந்தப் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டே துடைத்தார்.

நான்காவது சுற்றில் மாரியோ வந்தார். நண்பரின் மகள் ரொம்ப இயல்பாக இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நண்பர் சிறிது நேரம் ஸ்டார்ட்டை அமுக்கவே இல்லை.

ஆபீஸ் நண்பர்களே, உங்கள் செக்‌ஷனிலும் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற ஃபைல் ஒருநாள் நகரும். மேலே ஓங்கி ஊதின ஒருவருக்குப் பாராட்டு விழா நடக்கும். சத்தமில்லாமல் எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகின ஒருத்தர் கடைசி நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அடுத்த டீ உங்கள் கணக்கில் இருக்கட்டும்.