சாப்போவுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

லெஸ்பியன் என்பது லெஸ்போஸ் தீவின் ஊர்ப்பெயராம். பிற்கால மருத்துவர்கள் அதைக் கொச்சைப்படுத்திவிட்டார்களாம். அந்தத் தீவின் பண்டைக் கிரேக்கக் கவிஞர் சாப்போ, பாவம், பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரம்மாவாம். சென்ற மாதம் ஓர் இதழில் அடிக்குறிப்பு மிடுக்கோடு வந்த கட்டுரை. நண்பர்கள் பலர் தெளிவு பெற்றார்கள். நமக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அந்த ஊர்ப்பெயருக்குக் கறை பழையது. ஏதென்ஸ் நகைச்சுவை நாடகக்காரர்கள் அதிலிருந்து ஒரு வினைச்சொல்லே செய்துகொண்டார்கள். ஆணுக்கு வாய்வழி இன்பம் தருவதைக் குறித்த வசை அது. பெண்ணை நாடும் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. இன்றைய பொருளைத் தந்தவை சாப்போவின் பாட்டுகள். அதையா கொச்சை என்பது? மருத்துவர்களும் பிந்தி வந்தவர்கள்தான். 1840களிலேயே பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் தன் தொகுப்புக்கு ‘லெஸ்பியன்கள்’ என்று தலைப்பு அறிவித்துவிட்டார். 1857இல் அது ‘தீமையின் மலர்கள்’ ஆகி வெளிவந்தபோது, நீதிமன்றம் நீக்கச் சொன்ன ஆறு கவிதைகளில் ஒன்று ‘லெஸ்போஸ்’. தீர்ப்பு ரத்தாக 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாத்தியாரம்மா ஜெர்மனியில் பிறந்தவர். 1816இல் அந்நாட்டு அறிஞர் வெல்கர் சாப்போவைப் ‘பழி’யிலிருந்து மீட்கப் புறப்பட்டார். 1913இல் இன்னொரு ஜெர்மானிய அறிஞர் விலமோவிட்ஸ் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரும் எழுப்பினார். பாட்டோ வேறு சொல்கிறது. சாப்போவின் பாட்டுகளில் முழுதாக எஞ்சியது ஒன்றே ஒன்று, காதல் தேவி அப்ரோடைட்டியிடம் முறையிடும் பாட்டு. விலகி ஓடும் ஆளே பின்னால் துரத்தி வருவார் என்று தேவி வாக்களிக்கிறாள். கிரேக்க வினைமுற்றில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ‘விரும்பாவிட்டாலும்’ என்று பொருள்படும் ஒரு சொல்லின் பெண்பால் ஈறு மட்டுமே, காதலிக்கப்படுபவர் பெண் என்று காட்டிக்கொடுக்கிறது. 1711இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஆம்ப்ரோஸ் பிலிப்ஸ் அவளைக் கூசாமல் ‘அவன்’ ஆக்கினார். நம் கட்டுரையாளர் அந்த ஈற்றின் பக்கமே போகவில்லை.

2008இல் தீவுக்காரர்கள் மூவர், ‘லெஸ்பியன்’ என்ற சொல் தங்கள் ஊருக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டார்கள். ஏதென்ஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்களுக்காவது ஊர்ப்பற்று என்றொரு சாக்கு உண்டு. விமர்சகருக்கு என்ன சாக்கு? கவிஞருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதித் தருவதே விமர்சனம் என்றாகிவிட்ட காலம் இது. காமத்தைப் பாசம் என்பார்கள், கோபத்தைத் தத்துவம் என்பார்கள், பிறகு கூச்சமின்றிப் பாடநூலில் சேர்ப்பார்கள். பாடப்பட்டதைப் பாடியபடியே வாசிக்கத் தைரியமில்லாதவர்கள் கவிதையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.