கணக்குக் கொப்பியும் எண் கட்டமும்

நமது அயலில் மூத்த அன்பர் ஒருவர் வாழ்கிறார். வயது எண்பதை அண்மிக்கிறது. அரசாங்கக் கந்தோரொன்றின் கணக்குப் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். காலை வேளைகளில் நாம் அவ்வழியே செல்லும்போதெல்லாம், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, மடியில் எண் கட்டப் புத்தகமும் கையிற் பென்சிலும் அழிறப்பருமாகக் காட்சி தருவார். முதுமையிலும் மூளைக்கு வேலை கொடுக்கின்றாரே என்று நாம் பலமுறை மனத்துள் மெச்சியதுண்டு.

சென்ற மாதம் ஒருநாள் அவர் நம்மைக் கைதட்டி அழைத்தார்.

"இங்கே வாரும் தம்பி. இதிலே கணக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்ப்போம்."

நாம் விழித்தோம். அவர் விளக்கினார். எண்பத்தொரு சிறு கட்டங்கள். ஒரு நிரையிலோ, ஒரு நிரலிலோ, ஒன்பது கட்டங் கொண்ட ஒரு சதுரத்திலோ எந்த இலக்கமும் இரண்டாம் முறை வரலாகாது. அவ்வளவுதான். கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. இலக்கங்களுக்குப் பதிலாக மாம்பழம், பலாப்பழம் என ஒன்பது பழங்களின் பெயரை எழுதினாலும் ஆட்டம் மாறாது. "முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவனுக்கு இதைக் கணக்கு என்று தந்திருக்கிறார்கள்" என்றார். குரலில் வேடிக்கை பாதி, மீதி வேடிக்கையன்று.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. 'சுடோக்கு' என்னும் இவ்விளையாட்டு தருக்கமேயன்றிக் கணிதமன்று. பெயர் யப்பானியப் பெயராயினும் பிறந்த இடம் அமெரிக்கா. 1979ஆம் ஆண்டு அங்குள்ள புதிர்ச் சஞ்சிகையொன்றில் இது முதன்முதல் வெளிவந்தபோது, இதனை ஆக்கிய ஹவார்ட் கார்ன்ஸ் என்பார் எழுபத்து நான்கு வயது நிரம்பிய, ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். 1984இல் யப்பானுக்குச் சென்று புதுப்பெயர் சூடிக்கொண்டது. 'எண்கள் தனிக்கட்டையாகவே இருத்தல் வேண்டும்' என்னும் பொருள்பட்ட யப்பானிய வாக்கியத்தின் சுருக்கமே அப்பெயர். பின்னர் ஹொங்கொங்கில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கூல்ட் என்பவர், புதிர்களைத் தாமே ஆக்கும் கணினி நிரலொன்றை எழுதி, 2004இல் லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் இடம்பெறச் செய்தார். அதன்பின் உலகப் பத்திரிகைகள் பலவும் இதனைத் தத்தெடுத்துக் கொண்டன. ஆக்கியவரும் பரப்பியவரும் ஓய்வூதியக்காரர்களாய் அமைந்தமை நம்மவரைப் போன்றோருக்குச் சற்றே பெருமை தரலாம்.

இனி, இதனால் மூளை கூர்மையடையுமா என்பது வினா. இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த 19,000க்கும் அதிகமானோரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. எண் புதிர்களை அடிக்கடி செய்வோர் கவனம், நினைவு, தருக்கம் ஆகியவற்றிற் சிறந்து விளங்கினர். எனினும், புதிரினால் மூளை கூர்மையாயிற்றா, கூர்மையான மூளையுடையோர் புதிரை நாடினரா என்பதை அவ்வாய்வு தீர்க்கவில்லை. ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரத்து ஆய்வு இவ்விடத்திற் கவனத்திற்குரியது. 1936இற் பிறந்து, பதினொரு வயதிற் பள்ளிக்கூடத்தில் அறிவுத்திறன் சோதனை எழுதிய 498 பேரை முதுமையில் மீண்டும் சோதித்தனர். வாழ்நாள் முழுதும் மூளைக்கு வேலை கொடுத்தோர் உயர்ந்த படியில் நின்று இறங்கத் தொடங்கினர். ஆனால் இறங்கும் வேகம் ஏனையோரைப் போன்றதே என 2018இல் வெளியிட்டனர். உயரத்தில் நின்று இறங்குபவன் தரையைத் தொடுவதற்குக் காலம் செல்லும் அன்றோ? அது சிறு இலாபமன்று.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான 2,802 பேரைக் கொண்டு பயிற்சி ஆய்வொன்று நடத்தியதும் உண்டு. நினைவிற் பயின்றோர் நினைவிலும், தருக்கத்திற் பயின்றோர் தருக்கத்திலுமே முன்னேறினர். ஒன்றிற் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குக் கைகொடுக்கவில்லை. ஆகவே சுடோக்குச் செய்பவர் சுடோக்கில் வல்லவராவார் என்பது மட்டும் நிச்சயம்.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. பெரியவர் கணக்கைப் பற்றி அன்று அவ்வாறு பேசியது ஏன் என்பதை அவருடைய மகள் பின்னர் கூறினார். அவ்வீட்டின் வரவு செலவுக் கொப்பி நெடுங்காலம் பெரியவரின் கையிலேயே இருந்தது. ஒருமுறை மின்சாரக் கட்டணத்தை இருதடவை செலுத்திவிட்டார். பிள்ளைகள் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "அப்பாவுக்கு வீண் கரைச்சல் ஏன் அண்ணை? அவர் சும்மா இருக்கக் கூடாதென்றுதான் புதிர்ப் புத்தகம் மூன்று வாங்கிக் கொடுத்தோம்" என்றார். அன்பினாற் செய்த காரியமே, அதில் ஐயமில்லை. ஆயினும் புதிரிற் பிழை விட்டால் அழிறப்பரால் அழித்துவிடலாம், எவருக்கும் நட்டமில்லை. அதனாலேயே அது ஒருவருக்கும் தேவைப்படாத வேலை என்பதும் அவருக்குத் தெரியும்.

பணக் கணக்கில் தடுமாறுவது மறதி நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாகவும் இருத்தல் கூடும். ஆகையால் அத்தகைய பிழை நேரும்போது முதலிற் செய்யத்தக்கது வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே. கொப்பியைப் பறிப்பது வைத்தியமாகாது. மறதி நோய்க்கு ஏதுவாகும், திருத்தக்கூடிய காரணங்களெனப் பதினான்கினை மருத்துவ நிபுணர் குழுவொன்று 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வரிசைப்படுத்தியது. காது மந்தம், பார்வைக் குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியன அதில் உள்ளன. புதிர் செய்யாமை இல்லை.

இவ்வளவையும் மகளிடம் எடுத்துரைத்தோம். அயலவர் தலையிடுகிறாரே என்று அவர் நினைத்திருக்கவும் கூடும், முகத்திற் காட்டவில்லை. வைத்தியர் சோதித்துப் பார்த்து, பழைய கண்ணாடியை மாற்றும்படியும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்ளும்படியும் பணித்தார். வங்கிக் கணக்கு மகனிடமே இருக்கிறது. பலசரக்குக் கடைக் கணக்கு மாத்திரம் பெரியவரிடம் திரும்பியது. மாத முடிவிற் பத்தாம் வகுப்புப் பேரன் உடனிருந்து கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் மாதக் கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தது. பிழை கடைக்காரருடையது என்கிறார் தாத்தா; தாத்தாவுடையது என்கிறான் பேரன். நேற்றுமாலை நாம் கடந்து சென்றபோதும் விறாந்தையில் அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தது. சுடோக்குப் புத்தகம் கதிரையின் கீழே கிடந்தது.